தூணுக்கு ஒரு நாற்காலி

என் தம்பி ஓடுகிறவன். என் வீட்டுக்காரர் நிற்கிறவர். இரண்டு பேருக்கும் சம்பளம் தருவது ஒரே ராணுவம்தான்.

சிப்பாய்க் குடியிருப்பில் என் வீட்டுக்காரருக்குத் 'தூண்' என்று பெயர். பஸ்ஸில் இடம் காலியாக இருந்தாலும் நிற்பார். வீட்டில் டீயைக்கூட நின்றுகொண்டேதான் குடிப்பார். "உட்காருங்களேன், நாற்காலி என்ன கடிக்கவா போகுது?" என்று கேட்டால் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்த்தே எனக்குப் பாதி ஆயுள் போய்விட்டது.

தம்பியை ராணுவத்தில் எடுத்ததே பத்தாயிரம் மீட்டர் ஓட்டத்துக்காக. ஷூ, கோச், தினமும் ஆறு முட்டை, எல்லாம் அவர்களே தருவார்கள். ஆனால் ஓடுகிறவனும் சிப்பாய்தான், வாரத்தில் மூன்று நாள் முகாம் வாசலில் காவலுக்கு நிற்க வேண்டும் என்று விதி. நான்கு மணி நேரம் நின்றால் மறுநாள் கால் கேட்காது என்று கோச் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். "ஒரு மாசம் மட்டும் எனக்குப் பதிலா நில்லுங்க அத்தான்" என்று தம்பி வந்தான். இவரும் தலையை ஆட்டினார். அந்த ஒரு மாதம் ஒன்பது வருஷமாக நீண்டது. தன் காவலையும் நின்று, அவன் காவலையும் நின்று, பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே அவன் கையெழுத்தையும் இவரே போட்டார். வாசலில் இருக்கிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை, அவன்தான் பதக்கம் கொண்டுவருகிறானே.

போன வருஷம் இவருக்குக் கால் நரம்புகள் முடிச்சு முடிச்சாகப் புடைத்துக்கொண்டன. சாயங்காலம் நான் பூட்ஸை இழுக்க வேண்டும், அவர் பல்லைக் கடிக்க வேண்டும். இனி உட்கார்ந்து செய்யும் வேலைதான், இல்லாவிட்டால் புண்ணாகிவிடும் என்றார் டாக்டர். மனுப் போட்டோம். ஆபீஸில் பதிவேட்டைப் புரட்டினார்கள். மற்றவர்கள் நிற்கும் அதே நேரம்தான் இவரும் நிற்கிறார், வேலை மாற்ற முகாந்திரம் இல்லை என்று பதில் வந்தது.

அந்தச் சமயத்தில்தான் மேலிடத்திலிருந்து ஒரு குழு வந்தது, போட்டி விளையாட்டுக்கு ராணுவம் செலவு செய்யலாமா கூடாதா என்று விசாரிக்க. குழாயடியில் இதே பேச்சு. "சண்டை போடச் சேர்த்த ஆளுக்குப் பதக்கம் எதுக்கு?" என்றாள் எதிர்வீட்டுக்காரி. "எதிரி ஓடினா துரத்த ஆள் வேணாமா?" என்றார் ஸ்டோர்காரர். எனக்கு அதெல்லாம் தெரியாது. என் தம்பியின் ஓட்டத்துக்கு ராணுவம் கொடுத்தது ஷூவும் முட்டையும். காலைக் கொடுத்தவர் என் வீட்டுக்காரர்.

குழுவும் அதே பதிவேட்டைத்தான் பார்த்தது. ஒன்பது வருஷத்தில் ஓட்டக்காரர் ஒரு காவலைக்கூடத் தவறவிடவில்லை, விளையாட்டால் கடமை கெடவில்லை, செலவைத் தொடரலாம் என்று எழுதிவிட்டுப் போனது. அறிவிப்புப் பலகையில் படித்துவிட்டு வந்து இவர் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தம்பியைக் கூப்பிட்டேன். அடுத்த மாதம் அவனுக்குத் தேசிய அணிக்கான தேர்வு ஓட்டம். முப்பத்திரண்டு வயதில் அதுதான் கடைசி வாய்ப்பு. தெரிந்துதான் கேட்டேன்.

"உங்க அத்தானுக்குக் கால் போயிட்டா, யார் காலைக் கொண்டு வந்து வைப்ப?"

"விடு, அவன் ஓடட்டும்" என்றார் இவர்.

"நீங்க சும்மா இருங்க."

தம்பி எழுந்தான். தண்ணீர் குடித்துவிட்டுப் போனான். மறுநாள் காலை அதிகாரியின் மேஜையில் ஒரு வெள்ளைத்தாளில் தன் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்து, பதிவேட்டில் இருப்பதோடு ஒத்துப் பார்க்கச் சொன்னானாம்.

தம்பியை ராணுவ ஓட்ட அணியிலிருந்து நீக்கிவிட்டார்கள். பொய்க் கையெழுத்துக்காக இவருடைய சட்டைக் கையில் ஒரு பதவிப் பட்டை குறைந்தது. கோச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை, தனக்கு எதுவுமே தெரியாது என்றாராம். ஆனால் இவர் உண்மையில் எவ்வளவு நேரம் நின்றார் என்பது வெளியே வந்ததால், வாசலிலேயே வருகிறவர்களுக்கு பாஸ் எழுதும் வேலை கிடைத்தது. நாற்காலியோடு.

தம்பியின் முதல் காவலன்று மத்தியானம் சாப்பாட்டு டப்பாவோடு போயிருந்தேன். இவர் இரவல் நாற்காலியில் உட்கார்வதுபோல நுனியில் உட்கார்ந்திருந்தார். நாலடி தள்ளித் தம்பி துப்பாக்கியோடு நின்றான். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, காலை மாற்றி மாற்றி ஊன்றினான்.

"எப்படி அத்தான் நின்னீங்க?" முன்னால் பார்த்தபடியே கேட்டான்.

"நீ ஓடுறத நெனச்சுக்குவேன். ஒரு ஓட்டம் அரை மணி நேரம்னு சொல்லியிருக்கியே, ஒரு காவலுக்கு எட்டு ஓட்டம். எட்டுலயும் நீதான் முதல்ல வருவ."

அவன் ஓடி இவர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பந்தய நாட்களில் எல்லாம் அவனுக்குப் பதிலாக இந்த வாசலில்தான் நின்றார்.

தம்பியின் கன்னம் நனைந்திருந்தது. அவன் துடைக்கவில்லை. காவலில் நிற்கிறவன் துப்பாக்கியிலிருந்து கையை எடுக்கக் கூடாதாம். நான் டப்பாவை மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.