முன்கூட்டியே ஓம் சொன்ன குடும்பம்

பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் மற்றவர்களின் சோகத்தைப் பிரெஞ்சில் எழுதிக் கொடுத்துப் பிழைத்தவள் நான். இப்போது அவர்களுடைய பிள்ளைகளின் பெருமையை ஆங்கிலத்தில் எழுத உதவிப் பிழைக்கிறேன். முதல் தொழிலுக்குப் பெயர் ‘கேஸ் எழுதுவது’. அகதி மனுவோடு வைக்கிற வாக்குமூலத்தை மொழிபெயர்த்துக் கொடுக்க வேண்டும், மறுத்துவிட்டால் அப்பீலும் எழுத வேண்டும். தொண்ணூறுகளில் தொடங்கியது, 2009இல் ஊரில் போர் முடிந்த பிறகு நாலைந்து வருடம் இடுப்பொடிய எழுதினேன். பிறகு கூட்டம் குறைந்தது, பிள்ளைகள் வளர்ந்தார்கள், நானும் அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்க வழிகாட்டுபவளாக மாறிவிட்டேன். பிள்ளை பெற்று, அதுகளின் படிப்புக்காக டொசியே என்று கோப்புக்கட்டுச் சுமந்து களைத்தவர்களே, உங்களுக்குத் தெரியாததையா சொல்லப் போகிறேன்? ஒரே ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்கிறேன். மிச்சத்தை உங்கள் வீட்டிலிருந்தே நிரப்பிக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளை பார்க்க முதல்

சிவநேசன் அண்ணைக்கு லா சப்பலில் ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் மரக்கறிக் கடை, வீடு புறநகரான பொண்டியில். ஒரே மகள் தாரணி பாரிஸில் சட்டத்தில் லிசான்ஸ் பட்டம் முடிக்கும் தறுவாயில் இருந்தாள். அமெரிக்காவில் ஒரு கல்லூரியில்தான் அவளுக்கு மனம். அங்கே ‘முன்முடிவு’ என்று ஒரு வழி உண்டு. நவம்பருக்குள் விண்ணப்பித்தால் டிசம்பரிலேயே பதில் சொல்லிவிடுவார்கள், எடுத்தால் முழு உதவித்தொகையும் தருவார்கள். பதிலுக்கு, எடுத்தால் கட்டாயம் வருவேன், இதே வாக்கை வேறெங்கும் கொடுக்கமாட்டேன் என்று முதலே ‘ஓம்’ சொல்லிச் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். உதவித்தொகை இல்லாவிட்டால் அவளுக்கு அமெரிக்கா இல்லை, அவ்வளவுதான்.

இதைக் கடையில் வைத்தே அண்ணைக்கு விளங்கப்படுத்தினேன். பத்து வீட்டுக்குச் சாதகம் கொடுத்து, வந்த பதிலில் நல்லதாய்ப் பொறுக்குவது எங்கள் ஆட்களின் வழக்கம். ஒரே வீட்டுக்குக் கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டிருப்பதை அவரால் ஜீரணிக்க முடியவில்லை. வெண்டிக்காயை நுனி முறித்துப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “மாப்பிள்ளையின்ரை முகத்தைப் பாக்க முதலே மண்டபத்துக்கு ஆக்களைக் கூப்பிடச் சொல்லுறியள், தங்கச்சி.”

பாஸான கேஸ்

நீ யார், ஏன் சட்டம் படிக்க வருகிறாய் என்று இரண்டு பக்கத்தில் எழுதச் சொல்வார்கள். தாரணி, சின்ன வயதில் வதிவிட அட்டை கொடுக்கிற பொபினிப் பிரெபெக்தூர் அலுவலகத்தில் கண்ணாடிக்கு முன்னால் எக்கி நின்று தாய்க்கு மொழிபெயர்த்ததை எழுதியிருந்தாள். கண்ணாடிக்குப் பின்னாலிருந்த அதிகாரி தாயைப் பார்க்காமல் தன்னையே பார்த்துக் கோபித்தாராம். நல்ல எழுத்து. அண்ணைக்குத்தான் அது போதவில்லை. “உதிலை ஒரு அடி உதை கூட இல்லையே” என்றார்.

அடுத்த நாள் ஒரு பிளாஸ்டிக் பையோடு என் அறைக்கு வந்தார். உள்ளே அவருடைய அகதி வாக்குமூலம், அந்தக் காலத்தில் நானே மொழிபெயர்த்தது. பெயரை மட்டும் மாற்றி மகளுக்கு வைக்கட்டாம். அண்ணை, தாரணி பாரிஸ் ஆஸ்பத்திரியில் பிறந்தவள், இதில் வள்ளத்தில் கடல் கடந்த கதையெல்லாம் வருகிறதே என்றேன். வள்ளத்தை வேண்டுமென்றால் எடுத்துவிடலாம் என்று விட்டுக்கொடுத்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கத்தான் மனம் வரவில்லை. அவரிடம் மகளுக்குக் கொடுக்க இருந்த ஆகப் பெரிய சொத்து அந்தத் தாள்கள்தான். இது என் கதை இல்லை பப்பா என்று தாரணி பிரெஞ்சில் சொல்லிப் பார்த்தாள். அவர் என்னிடம்தான் முறையிட்டார்: “பாஸான கேஸை விட்டுப்போட்டு ஏன் தங்கச்சி புதுசா ஒண்டு எழுதிறியள்?”

நற்சான்று

பேராசிரியர்கள் இருவர் பரிந்துரைக் கடிதம் அனுப்பிவிட்டார்கள். தாரணியின் தாய் ரதிக்கு அது போதாது. வெள்ளைக்காரன் எழுதினால் பிள்ளை படிக்கும் என்று தெரியும், நல்ல குடும்பம் என்று எப்படித் தெரியும்? அதனால் ஒரு கோயில் தலைவரிடம் போய்க் கடிதம் வாங்கி வந்தார்.

முதல் பக்கம் முழுக்கத் தலைவர் வகித்த பதவிகள். இரண்டாம் பக்கம் தேர்த்திருவிழாவில் அவர் ஆற்றிய தொண்டு, மழை வந்தும் அவர் ஒதுங்காமல் நின்றது. கடைசி வரியில் “மேற்படி பிள்ளையும் நல்லவர்” என்று இருந்தது. பிள்ளையைப் பற்றி இன்னும் இரண்டு வரி சேர்க்கலாமா என்று பயந்து பயந்து தொலைபேசியில் கேட்டேன். தலைவர் பெருந்தன்மையாகச் சொன்னார்: “என்னைப் பற்றித் தெரிஞ்சால் காணும் பிள்ளை, அவையள் ஓம் எண்டிடுவினம்.”

ரொறன்ரோ மாமா

விண்ணப்பம் போய்ப் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். தாரணி இணையத்தில் தன் விண்ணப்பக் கணக்கைத் திறந்து பார்த்திருக்கிறாள். அவள் அனுப்பாத விண்ணப்பம் ஒன்று அங்கே நின்றது. வேறொரு கல்லூரிக்கு, அதே முன்முடிவு, அதே சத்தியம், கீழே அவள் பெயரிலேயே கையெழுத்து. விசாரித்தால், ரதி தன் தம்பிக்கு ‘ஒருக்கால் சரிபார்க்க’ என்று பாஸ்வேர்டைக் கொடுத்திருக்கிறார். ரொறன்ரோவில் இருக்கும் அந்த மாமா சரிபார்த்ததோடு நிற்காமல், ஒரு காவலுக்கு இருக்கட்டும் என்று இன்னொரு இடத்துக்கும் வாக்குக் கொடுத்துவிட்டார்.

கல்லூரிகள் இதைத் தங்களுக்குள் விசாரித்தால் இரண்டு கதவும் சாத்தப்படும். எனக்கு வந்த கோபத்தில் அவருக்குப் போன் எடுத்து வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை: “அக்கா, ஒரு கடையிலை மட்டும் விலை கேட்டால் எங்கடை தலையிலை கட்டிப்போடுவாங்கள்.”

சொன்னதை மாற்றாதே

இரண்டாவதை உடனே திரும்பப் பெற வேண்டும், முதல் கல்லூரிக்கு நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும் என்று நானும் தாரணியும் முடிவு செய்தோம். கேள்விப்பட்ட அண்ணை மத்தியானமே கடையைப் பூட்டிவிட்டு ஓடி வந்தார். இரண்டாவதைச் சத்தமில்லாமல் எடுத்துவிடுவது சரி, கடிதம் மட்டும் எழுதவே கூடாது என்றார். அந்தக் காலத்தில் தன் அகதி விசாரணையில் அவர் ஒரு திகதியைப் பிழையாகச் சொல்லி, பிறகு தானாகவே திருத்தியிருக்கிறார். திருத்தியதுதான் குற்றமாகிவிட்டது. அந்த ஒரு திருத்தத்தால் கேஸ் இழுபட்டு, ரதியை இங்கே கூப்பிட அவருக்கு வருடக்கணக்காயிற்று. சொன்னதை மாற்றுகிறவனை எந்த அலுவலகமும் நம்பாது என்பது அவர் பிரான்சில் படித்த பாடம். அவரைப் பார்க்க எனக்கு மிகவும் பாவமாக இருந்தது, அவர் சொல்வது பொய் என்றும் சொல்ல முடியவில்லை.

தகப்பனுக்கு எப்போதும் பிரெஞ்சில் பதில் சொல்கிற பிள்ளை, அன்று தமிழில் சொன்னாள்: “மாமா என்ரை பேரிலை கள்ளக் கையெழுத்து வைச்சவர். அதை மறைச்சுப்போட்டுப் போய்ச் சட்டம் படிக்கச் சொல்லுறியளோ, பப்பா?”

கருவேப்பிலை

இரண்டாவது விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றோம், கடிதமும் போனது. கிடைத்தது என்று ஒரு வரி வந்தது, பிறகு மூச்சில்லை. டிசம்பர் நடுவில் பதில் வந்தது: எடுத்துவிட்டார்கள், உதவித்தொகையோடு. அண்ணை அன்று கடைக்கு வந்த எல்லோருக்கும் ஒரு பிடி கருவேப்பிலை சும்மா கொடுத்தார். மாமா தன்னுடைய காவல்தான் பலித்தது என்று ரொறன்ரோ முழுக்கச் சொல்லித் திரிவதாகக் கேள்வி.

இரண்டு நாள் கழித்து அண்ணை என் அறைக்கு வந்து கதிரையில் இருந்தார். எப்போது போக வேண்டும் என்று கேட்டார். ஓகஸ்டில் என்றேன். எத்தனை வருடம்? மூன்று. சனி ஞாயிறு வந்து போகலாமோ? அண்ணை, அது அமெரிக்கா என்றேன். தெரியும் தெரியும் என்று தலையாட்டினார். கிடைக்குமா கிடைக்காதா என்ற பதைப்பில், கிடைத்தால் பிள்ளை வீட்டில் இருக்கமாட்டாள் என்பதை அந்த வீட்டில் யாரும் யோசிக்கவே இல்லை. எழுந்து கதவுவரை போனவர் திரும்பி வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “உந்த ஓமுக்கு எதிரா அப்பீல் ஒண்டு போடேலாதோ, தங்கச்சி?”

எத்தனையோ பேருடைய ‘இல்லை’க்கு அப்பீல் எழுதிக் கொடுத்தவள் நான், ஆனால் ஒரு ‘ஓமு’க்கு எப்படி எழுதுவதென்று இந்தத் தொழில் எனக்கு இன்னும் சொல்லித் தரவில்லை.