ஒரு பௌசர் தண்ணீர்

பெண்களுக்கென்று ஒதுக்கிய இடத்தில் நான் பிரதேச சபைக்குப் போனவள். முதல் சில கூட்டங்களில் கையைத் தூக்கச் சொன்னால் தூக்கினேன், வந்த தேத்தண்ணியைக் குடித்தேன். எங்கள் ஒழுங்கையில் சபை வடிகான் கட்டத் தொடங்கிய பிறகுதான் எனக்கு வாய் திறந்தது.

மாரியில் எங்கள் பகுதியில் அடுப்படி வரை வெள்ளம் ஏறும். அதைக் கடலை ஒட்டிய களப்புக்குக் கொண்டுபோகத்தான் அந்தக் கான். ஆனால் கொங்கிரீட் போட்ட துண்டில் விழுந்த தூறல், களப்பை விட்டுவிட்டு வீடுகள் பக்கமே வந்து தேங்கியது. வேலையைக் குத்தகைக்கு எடுத்த கொந்தராத்துக்காரரிடம் சொன்னேன்.

"முழுசா முடிஞ்சாச் சரியா வரும், மெடம்."

சபைத் தலைவரான தவிசாளரிடம் சொன்னேன். அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்றார். வேலை நிற்கவில்லை.

எங்கள் பக்கத்து வீட்டு நானா மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர். ஒருமுறை எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவருக்கு, இந்த வீட்டையும் தண்ணீருக்குக் கொடுக்க மனமில்லை. மறுநாள் காலை கொங்கிரீட் கலக்கும் இயந்திரத்துக்கு முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கொந்தராத்துக்காரர் முறைப்பாடு செய்ய, பொலிஸ் வந்து அவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனது.

அவருடைய மனைவி தலையில் போட்ட முந்தானை நழுவ ஓடி வந்தார். "தங்கச்சி, அவரக் கொண்டு போய்ட்டாங்க! சபையில இரிக்கிறது நீங்கதானே?"

பொலிஸ் நிலையத்துப் படியை அன்றுதான் முதன்முதலாக மிதித்தேன். பொறுப்பதிகாரி சிங்களத்தில், அரசாங்க வேலையை மறித்தால் வழக்குத்தான் என்றார். நானும் சந்தையில் பழகிய சிங்களத்திலேயே பதில் சொன்னேன்.

"சேர், அது சபையின் வேலை. அது சரியாக நடக்கிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு. முறைப்பாடு தந்தது கொந்தராத்துக்காரர், சபை இல்லை. வழக்குப் போடும் முன் அந்தக் கானுக்குள் ஒரு பௌசர் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் களப்புக்குப் போனால் என்னையும் சேர்த்து அடையுங்கள்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அவர் தவிசாளருக்குப் போன் போட்டார்.

பின்னேரம் சபையின் தண்ணீர்ப் பௌசர் வண்டி வந்தது. தவிசாளர் வந்தார், கொந்தராத்துக்காரர் வந்தார். ஜீப்பில் நானாவையும் கூட்டிக்கொண்டு பொறுப்பதிகாரியும் வந்தார். குழாயைத் திறந்தார்கள். தண்ணீர் முதலில் களப்புப் பக்கம் கொஞ்சம் ஓடியது. பிறகு தயங்கி நின்று, அப்படியே திரும்பி வீடுகளை நோக்கி வந்தது. தவிசாளரின் சப்பாத்து நனைந்ததும் பார்த்துக்கொண்டு நின்ற ஒழுங்கைப் பெண்கள் சிரித்துவிட்டார்கள்.

"மேல ஒரு பூச்சுப் பூசினா..." என்று தொடங்கினார் கொந்தராத்துக்காரர்.

"பூச வேணாம். உடைச்சிட்டுத் திருப்பிக் கட்டுங்க," என்றார் தவிசாளர்.

பொறுப்பதிகாரி ஜீப்பின் கதவைத் தானே திறந்துவிட்டார். நானா இறங்கி, என் தலையைத் தொட்டு துஆ செய்தார். அழக் கூடாது என்றுதான் நின்றேன், முடியவில்லை.

அடுத்த கூட்டத்தில், கட்டி முடித்த எதையும் உறுப்பினர்கள் நேரில் பார்க்காமல் ஏற்பதில்லை என்று தீர்மானித்தோம். இப்போது சபை வேலை பற்றி முறைப்பாடு வந்தால், பொறுப்பதிகாரி முதலில் சபையைக் கேட்கிறார்.

அந்த மாரியின் முதல் பெருமழை ஒரு வெள்ளிக்கிழமை காலை பெய்தது. குடையோடு ஒழுங்கைக்கு வந்து பார்த்தேன். திருப்பிக் கட்டிய கானில் கலங்கல் தண்ணீர் சருகுகளை அள்ளிக்கொண்டு களப்பை நோக்கி விரைந்தது. வீட்டுக்குத் திரும்பி, காய்ந்த அடுப்படியில் உலை வைத்தேன்.