சென்ட் லோரன்டில் கெவினைத் தேடி

2006 பிப்ரவரியில் நான் மொன்றியல் போனது ஊர் பார்க்க அல்ல. அப்போது ஒட்டாவாவில் வேலை. மொன்றியலில் இருந்த கெவின் என்ற கொரிய நண்பனுடன் ஒன்றரை வருடமாக இணையத்தில் சேர்ந்து புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். தினமும் சாட்டில் பேசுவோம், நேரில் பார்த்ததில்லை. "ஒரு வாரமாக வாய் திறந்து யாரிடமும் பேசவில்லை" என்று ஒரு திங்கட்கிழமை எழுதினான். அதன்பின் பதிலே இல்லை. அவன் பெயருக்குப் பக்கத்தில், இணைப்பில் இருப்பதைக் காட்டும் பச்சை விளக்கு மட்டும் இரவு பகலாக எரிந்தது. போன் நம்பர்கூட என்னிடம் இல்லை.

சனிக்கிழமை காலை ஏழு மணி பஸ். இருநூறு கிலோமீட்டர், இரண்டு மணி இருபது நிமிடம். பிறகு ஆரஞ்சு வழி மெட்ரோவில் சென்ட் லோரன்ட் பகுதியின் கோட்-வெர்ட்டு நிலையம். டிக்கெட் இரண்டரை டாலர். வெளியே மைனஸ் இருபத்திரண்டு. ஏறிய டாக்சியின் ஓட்டுநர் போனில் தமிழ் பேசிக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். விஷயத்தைச் சொன்னேன்.

"ஆளின்ர முழுப்பேர் என்ன, தம்பி?"

"கெவின்னு மட்டும்தாண்ணா தெரியும்."

"அது இங்க வந்து வச்ச பேராயிருக்கும். சொந்தப் பேர்?"

ஒன்றரை வருடத்தில் நான் அதைக் கேட்டதே இல்லை. வெட்கமாக இருந்தது.

கெவின் எப்போதோ அனுப்பிய படத்தில் தெருவும் கட்டட எண்ணும் இருந்தன. வாசலில் அழைப்பு மணிகள், பக்கத்தில் குடும்பப் பெயர்கள். அவற்றில் கொரியப் பெயர்கள் இரண்டு: கிம், பார்க். இதில் எது அவன்? இரண்டையும் அழுத்தினேன். கிம் வீட்டுப் பெண்மணிக்குக் கெவினைத் தெரியவில்லை. ஆனாலும் கதவைத் திறந்துவிட்டார். பார்க் வீட்டில் பதில் இல்லை.

"தனியப் போகாதேங்கோ, நானும் வாறன்" என்று ஓட்டுநரும் இறங்கினார்.

மூன்றாம் மாடியில் பார்க் வீட்டுக் கதவு. உள்ளே கம்ப்யூட்டர் விசிறியின் இரைச்சல் மட்டும் கேட்டது. தட்டினேன், கத்தினேன். பத்து நிமிடம். ஓட்டுநர் அவசர உதவிக்குப் போனை எடுத்தபோது பூட்டு அசைந்தது. சுவரைப் பிடித்தபடி ஒருவன் நின்றான். தொட்டால் உடம்பு நெருப்பாகக் கொதித்தது.

"தட்டியது கேட்டது. பக்கத்து வீட்டுக்கு என்று நினைத்தேன்" என்றான் ஆங்கிலத்தில்.

டாக்சியிலேயே மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். நர்ஸ் "சொங்-ஹோ பார்க்" என்று கூப்பிட்டபோது நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். என் தோளில் சாய்ந்திருந்தவன்தான் கையை உயர்த்தினான். அந்தப் பெயர் வகுப்பில் யார் வாயிலும் நுழையாததால் கெவின் ஆனானாம். நிமோனியா, ஒரு வாரம் வைத்திருந்தார்கள்.

ஓட்டுநர் பதினான்கு டாலர் மட்டும் வாங்கினார். "மீற்றரை அந்த வாசல்லயே நிப்பாட்டிப்போட்டன், தம்பி."

பிப்ரவரியில் போகிறவர்கள் கையுறை இரண்டு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை பஸ்ஸுக்கு அரை மணி முன்னதாக வரிசையில் நில்லுங்கள். இணையத்தில் மட்டும் பழகிய நண்பர் யாராவது உங்களுக்கு இருந்தால், இன்றைக்கே போன் நம்பரைக் கேட்டு வாங்குங்கள். நான் இப்போது ஞாயிறுதோறும் அவனை அழைக்கிறேன். அவன் பெயரின் 'சொ' எனக்கு இன்னும் சரியாக வரவில்லையாம். ஒவ்வொரு முறையும் திருத்துகிறான்.