பீர் மைதீன் வண்டி நின்றால்

ராஜபாளையம் மார்க்கெட் வாசலில் ஒரு காலத்தில் ஒரு பேச்சு இருந்தது. "பீர் மைதீன் வண்டி நின்னா கண்ண மூடிக்கிட்டுக் கடக்கலாம்" என்பார்கள். பூக்காரி சொல்வாள், எலுமிச்சம்பழக்காரன் சொல்வான், எதிர்ச் சாரியில் டீக்கடை வைத்திருந்த பால்சாமி, கேட்டவர் கேளாதவர் எல்லோரிடமும் சொல்வார். அது காதில் விழும்போதெல்லாம் பீர் மைதீனுக்கு உச்சி குளிர்ந்துபோகும். மனுசன் வேறு என்னத்தைச் சம்பாதித்தார்? இந்த ஒரு பேச்சைத்தான்.

எண்பதுகளின் தொடக்கம் அது. மெட்டடோர் வேனில் பேண்டேஜ் துணிக்கட்டுகளை ஏற்றிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போவார். திரும்பும்போது பலசரக்கு ஏற்றி வருவார். போனாலும் வந்தாலும் மார்க்கெட் வாசலைத் தாண்டித்தான் ஆக வேண்டும். அதைத் தாண்டுவது இருக்கிறதே, அப்பப்பா! ரோடு என்று பேர்தான். பாதி ரோட்டில் தக்காளிக்கூடை, மீதிப் பாதியில் சைக்கிள். வாங்க வருகிற சனமாவது ஒழுங்கா? நடுரோட்டில் நின்று கத்தரிக்காய்க்குப் பேரம் பேசும். கூடைக்காரி ஒரு காய் கூடுதலாகப் போடவில்லை என்று அவள் ஆத்தாள் அப்பன் வரைக்கும் இழுக்கும். பஸ்காரர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஸ்டாண்டில் நிறுத்துவதற்கு மட்டும்தான் பிரேக் என்று நினைப்பு. இரண்டு கையிலும் பையைத் தூக்கிக்கொண்டு ஒரு பொம்பளை ஓரத்தில் வெயிலில் வெந்துகொண்டு நின்றால், ஒருத்தன் நிறுத்த மாட்டான். ஹாரனை அடித்து, அவள் பதறுவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போவான்.

பீர் மைதீன் நிறுத்துவார். எவ்வளவு அவசர லோடாக இருந்தாலும் நிறுத்துவார். தலையை வெளியே நீட்டி, "போங்கம்மா, போங்க, நான் நிக்கேன்ல" என்று கையைக் காட்டுவார். கடைசி ஆள் அக்கரை சேர்கிற வரைக்கும் கிளட்சிலிருந்து காலை எடுக்க மாட்டார். பின்னால் நிற்கிற வண்டிக்காரர்கள் வாயில் வந்ததெல்லாம் பேசுவார்கள்.

"ஏ பாயி, வண்டி ஓட்டுறீரா, பள்ளிக்கூடம் நடத்துறீரா?"

"செத்த நேரம் பொறுங்கப்பா. உசுரா போயிரும்?" என்பார் இவர்.

கடந்து போகிறவர்கள் சும்மா போக மாட்டார்கள். ஒருத்தி ஒரு பிடி கொத்தமல்லியை சீட்டில் போட்டுவிட்டுப் போவாள். இன்னொருத்தி முருங்கைக்காயைச் செருகுவாள். வீட்டில் ரஹ்மத்துன்னிசா, "இன்னைக்கு எத்தனை பேரைக் கரை சேத்தீங்க?" என்று கேட்டுக்கொண்டே அதை வாங்கி வைப்பாள்.

அப்படிக் கடப்பவர்களில் ஒருத்திதான் சோழபுரத்து முத்தாத்தாள். விடியற்காலம் மார்க்கெட்டில் காய் எடுத்து, தலைச்சுமையாகக் கொண்டுபோய், ஊரில் தெருத்தெருவாக விற்பவள். நல்ல வாயாடி. வேறு வண்டிக்காரன் எவனாவது தெரியாத்தனமாக நிறுத்தினால்கூட இறங்க மாட்டாள். "எங்க அண்ணன் வண்டி வரட்டும்" என்று கூடையோடு அப்படியே நிற்பாள். வண்டி வந்து நின்றதும், ராணி போல, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பாராமல் நடப்பாள்.

அந்தப் பாராமல் நடந்த நடைதான் வினையாக முடிந்தது.

தீபாவளிக்கு முந்தின வாரம், தூறல் விழுந்துகொண்டிருந்த காலை. கூட்டம் நெரிகிறது. பீர் மைதீன் வழக்கம் போல நிறுத்தினார். வழக்கம் போலக் கையைக் காட்டினார். பின்னால் ஒரு பஸ். ஓட்டியவன் வைகுண்டராஜ். ஹாரனில் வைத்த கையை எடுக்கவேயில்லை. கடைசியில் பொறுமை இழந்து வேனுக்கு வலப்பக்கம் ஒடித்துத் தாண்டினான். வேன் மறைத்ததால், அதற்கு முன்னால் கடந்துகொண்டிருந்த முத்தாத்தாள் அவன் கண்ணுக்குத் தெரியவில்லை. அவளாவது ஒரு நிமிஷம் நின்று எட்டிப் பார்த்திருக்கலாம். எதற்குப் பார்க்க வேண்டும்? அண்ணன் வண்டி நிற்கிறதே! வேனின் மறைவைத் தாண்டி ஒரு அடி எடுத்து வைத்தாள். கூடை ஒரு பக்கம் பறந்தது. வெண்டைக்காயும் தக்காளியும் பஸ் சக்கரத்துக்கு அடியில் நசுங்கிக் கிடந்தன. அவளுடைய இடது காலும் அங்கேதான் கிடந்தது.

பீர் மைதீன்தான் அவளைத் தூக்கித் தன் வேனில் போட்டார். துணிக்கட்டெல்லாம் ரத்தம். அவர் சட்டையெல்லாம் ரத்தம்.

போலீஸ் ஸ்டேஷனில் வைகுண்டராஜ் அசராமல் பேசினான். "சார், நடுரோட்டுல நிறுத்தினது இவரு. நிறுத்துன வண்டியத் தாண்டாம பொறத்தால நின்னு பூசையா போட முடியும்? இவரு பாட்டுக்குப் போயிருந்தா அந்தப் பொம்பள ஓரமா நின்னுருப்பா."

அட பாவி! ஆனால் அதைக் கேட்டு மார்க்கெட்டே தலையை ஆட்டியதே, அதை என்ன சொல்ல? "அதுவும் சரிதான், பாய் நிறுத்தியிருக்கக் கூடாது" என்றான் எலுமிச்சம்பழக்காரன். பூக்காரி, "நான் அந்நேரம் குனிஞ்சு பூக் கட்டிக்கிட்டிருந்தேன்" என்றாள். மாப்ள, மாப்ள என்று தோளில் கை போடும் பால்சாமிகூட, "எனக்கெதுக்கு மாப்ள சாட்சி கீட்சியெல்லாம், பஸ்காரங்க நம்ம கடைக்கு வாரவங்க" என்று பாய்லருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். முத்தாத்தாள்தான் கவனமில்லாமல் ரோட்டைக் கடந்தாள் என்று போலீஸ் எழுத, கேஸ் ஒன்றுமில்லாமல் போனது. நல்லவனுக்கு நாலு பேர் இருப்பார்கள் என்பதெல்லாம் சும்மா. நாலு பேரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப்பழமும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு ரஹ்மத்துன்னிசாவோடு போனார். வாசல் பக்கம் முத்தாத்தாளின் புருசன் இருளப்பசாமி உட்கார்ந்திருந்தான்.

"வந்துட்டீகளா? அடுத்து யாருக்குக் கை காட்டப் போறீக?" என்றான்.

அந்தச் சொல்லைக்கூடப் பீர் மைதீன் தாங்கிக்கொண்டார். கட்டிலில் கிடந்தவள் சொன்னதுதான் தாங்கவில்லை. அவள் வையவில்லை, அழவில்லை. போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. "உங்கள நம்பித்தானண்ணே எறங்குனேன்" என்றாள்.

அன்றைக்குப் பிறகு அவர் எவருக்கும் வண்டியை நிறுத்தவில்லை.

நிறுத்தாதது மட்டுமா? லாரிக்காரன் ஒருத்தனிடம் பழைய ஏர் ஹாரன் வாங்கி மாட்டினார். மார்க்கெட் வளைவு வருவதற்கு முன்பே அலற விடுவார். எவராவது காலை எடுத்து ரோட்டில் வைத்தால், "ஏலே, சாவுறதுக்கு என் வண்டிதான் கிடைச்சுதா?" என்று கத்துவார். பயந்தால்தான் நிற்பார்கள், நின்றால்தான் பிழைப்பார்கள் என்பது அவர் கணக்கு. பெற்ற பிள்ளையிடம்கூட அதிர்ந்து பேசாதவர், கிழவன் கிழவி என்று பாராமல் வைதார். மழைக்காலத்தில் சேற்றை வாரி அடித்துக்கொண்டு போனார். "நாசமாப் போவான், மனுசனா இவன்?" என்று பை தூக்கி நின்ற பொம்பளைகள் பின்னால் மண்ணை வாரித் தூற்றினார்கள்.

வேடிக்கை என்னவென்றால், இப்போதுதான் அவருக்கு மரியாதை கூடியது. ஹாரன் சத்தம் கேட்டதும் தக்காளிக்கூடைகள் தானாக ஒதுங்கின. பஸ்காரர்கள் டீக்கடையில் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். ஒருநாள் வைகுண்டராஜே ஒரு டீயை நீட்டி, "இப்பத்தான் பாய் நீங்க டிரைவரு" என்றான். பீர் மைதீன் அந்த டீயை வாங்கிக் குடித்தார்.

ஒரு ரமலான் சமயம். ரஹ்மத்துன்னிசா பிள்ளைகளுக்குத் துணி எடுக்க பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போயிருந்தாள். அன்று ராத்திரி சோறு போடும்போது சாதாரணமாகச் சொன்னாள்.

"துணிக்கடைக்கு எதிர்க்க ரோட்டைக் கடக்க நின்னேன். ஒரு வேன்காரன் எப்படி ஹாரன் அடிச்சான்ங்கிறீங்க! பையைக் கீழ போட்டுட்டேன். எடுத்த துணியெல்லாம் சேறு. என்னைப் பாத்து, எருமை மாதிரி நிக்கியேன்னு சொல்லிட்டுப் போனான்."

"எவன் அவன்?" என்று சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டு எழுந்தார் பீர் மைதீன்.

"உக்காருங்க. துப்பட்டிய முகம் மறைய இழுத்துப் போட்டிருந்தேன், அதான் உங்களுக்கு அடையாளம் தெரியல" என்றாள்.

அவர் உட்கார்ந்தார். அவள் ரசத்தை ஊற்றினாள். அதன் பிறகு அதைப் பற்றி அவள் ஒருநாளும் பேசவில்லை. பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்று இரவு அவருக்கு ஒன்று மட்டும் புரிந்தது. கோபம், ஏர் ஹாரன், வசவு எல்லாம் போர்த்திக்கொண்ட போர்வை. உள்ளே ஒரே ஒரு ஆசைதான் கிடந்தது. அந்த முத்தாத்தாள், ஒரே ஒரு தடவை, தன் வண்டிக்கு முன்னால் நம்பிக் கடந்து போய்விட வேண்டும். அது நடந்தால் போதும், ஹாரனைக் கழற்றிக் கண்மாயில் எறிந்துவிடலாம். ஆனால் அவள் சோழபுரத்தை விட்டு வெளியே வருவதில்லை என்று கேள்வி. நேரே வீட்டுக்குப் போய் நிற்கவும் அவருக்குத் தைரியம் இல்லை.

தொண்ணூறு பிறந்த பிறகு ஒரு காலை. மார்க்கெட் வளைவு வந்தது, ஹாரனில் கை வைத்தார். வைத்த கை அப்படியே நின்றது. ஓரத்தில், கக்கத்தில் கட்டை ஊன்றி, ஒரு சின்னப் பையோடு முத்தாத்தாள் நின்றுகொண்டிருந்தாள். தலை பாதி நரைத்துவிட்டது. வண்டிகள் அவளை உரசிக்கொண்டு போயின. ஒருத்தனும் நிறுத்தவில்லை.

பீர் மைதீன் நிறுத்தினார். எத்தனையோ வருசத்துக்குப் பிறகு நடுரோட்டில் நிறுத்தினார். இந்தத் தடவை வேனைக் கொஞ்சம் வலப்பக்கம் குறுக்கே போட்டார், ஒரு பயலும் தாண்ட முடியாதபடி. தலையை வெளியே நீட்டினார்.

"போம்மா. நான் நிக்கேன். எவனும் வர முடியாது, பாத்துட்டேன்."

முத்தாத்தாள் நிமிர்ந்து பார்த்தாள். ஆளை அடையாளம் தெரிந்துகொண்டாள். முகத்தில் கோபம் இல்லை. அதுவாவது இருந்திருக்கக் கூடாதா!

"நீங்க போங்கண்ணே" என்றாள்.

"இல்லம்மா, நீ கடந்துக்கோ. அல்லா மேல ஆணையாச் சொல்றேன்."

"வேணாம்ணே. எல்லா வண்டியும் போன பொறவு நான் மெதுவாப் போய்க்கிடுவேன்."

பின்னால் ஹாரன்கள் கிளம்பிவிட்டன. "ஏ பாயி, எடும்யா வண்டிய!" என்று ஒருத்தன் கத்தினான். தக்காளி வாங்கிக்கொண்டிருந்த ஒருத்தி, "இவரு ஒரு ஆளு, ஒண்ணு ஏத்துவாரு, இல்லேன்னா மறிப்பாரு" என்று முகத்தைச் சுளித்தாள். பீர் மைதீன் எதற்கும் அசையவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முத்தாத்தாள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். கட்டையில் உடம்பைச் சாய்த்து, வலது கையை உயர்த்தி, போங்க என்று அவருக்குக் கை காட்டினாள்.

அவர் கியரைப் போட்டார். வேன் நகர்ந்தது. வளைவு திரும்பும்வரை கண்ணாடியில் பார்த்துக்கொண்டே போனார். அவள் அந்த ஓரத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.