எனக்கு மட்டும் கூசிய தண்ணீர்

புக்கிட் காத்திலில் உள்ள எங்கள் வீட்டு ஹாலில், பவளம் வளர்க்க என் கணவர் ஓர் உப்புத் தண்ணீர்த் தொட்டி வைத்தார். அவர் வேலைக்குப் போனபின் கண்ணாடியில் படியும் பாசியைத் துடைப்பது நான்தான்.

சில வாரங்களில், தொட்டிக்குள் கை விட்டாலே விரல்கள் கூசின. கணவரும் கை விட்டுப் பார்த்தார். "ஒன்னும் இல்ல லா. பவளம் கொட்டும், அதுல கை பட்டிருக்கும்," என்றார்.

பவளத்தைத் தொடாமல் துடைத்தேன், அப்போதும் கூசியது. சர்க்கரை நோயோ என்று பயந்து கிளினிக் போனேன். இல்லை என்றார் டாக்டர். எனக்கு மட்டும் ஏன் இப்படி? மனப்பிரமையோ என்றுகூடக் குழம்பினேன்.

ஒரு சனிக்கிழமை நான் தரையைத் துடைத்திருந்ததால், கணவர் எப்போதும் வீட்டுக்குள் போடும் ரப்பர் சிலிப்பரைக் கழற்றிவிட்டு வந்து தொட்டிக்குள் கை விட்டார். சட்டென்று உதறி எடுத்தார்.

"ஷாக் அடிக்குது. நீ சொன்னது இதுதானா?"

தண்ணீரைச் சுழற்றும் பம்பின் வயர் உறையில் விரிசல் விட்டிருந்ததை வயர்மேன் கண்டுபிடித்தார். கரண்ட் கசிந்தால் தானாக அணைய வேண்டிய மெயின் சுவிட்சும் கெட்டிருந்தது. "வெறுங்காலோடயா கைய விட்டீங்க, அக்கா? ரப்பர் சிலிப்பர் போட்டிருந்தா ஷாக் தெரியாது. தப்பிச்சீங்க," என்றார்.

இரண்டையும் மாற்றிவிட்டோம். இப்போது எல்லாப் பிளக்கையும் கழற்றிய பிறகே தண்ணீரில் கை வைக்கிறேன். மாதம் ஒருமுறை மெயின் சுவிட்சின் சோதனைப் பட்டனை அழுத்திப் பார்க்கிறோம். உடம்பு ஏதாவது சொன்னால், பிரமை என்று நானே அதை ஒதுக்கிவிடுவதில்லை.