விளக்குக்குத் தேதி கேட்ட ஆனந்தவல்லி

ஆனந்தவல்லி பேச எழுந்தால் மேற்குத் தொடர்ச்சி மலை செத்த நேரம் குனிந்து காது கொடுக்கும் என்பது ராஜபாளையம் பஸ்ஸில் பரவியிருந்த செய்தி. பரப்பியவள் ஆனந்தவல்லிதான். மடக்கிக் கேட்டால் அவளே ஒப்புக்கொண்டும் விடுவாள்: மலை குனியவில்லை. செண்பகத்தோப்புப் பக்கம் ஒரு பாறை உருண்டது மட்டும் நிஜம். அதுவும் அவள் பேச்சுக்கு இல்லை, அடைமழைக்கு.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் நொச்சியூரணி அவள் ஊர். பிழைப்பு ராஜபாளையத்தில். ஒரு ஜவுளிக்கடையின் ஜாக்கெட் துணிப் பிரிவில் இருபது வருசமாக நிற்கிறாள். விடிந்ததும் பஸ் ஏறி இருட்டிய பிறகு இறங்குகிறவளுக்கு ஊரில் நாய்களைத் தெரிந்த அளவுக்கு மனிதர்களைத் தெரியாது. நாய்கள்தான் அந்த நேரத்துக்கு விழித்திருக்கும்.

கடையில் அவளுக்கென்று ஒரு சட்டம் உண்டு. வந்தவளிடம் "என்ன வேணும்?" என்று கேட்கக் கூடாது. ராஜுக்கள் வீட்டுப் பெண்கள் வந்தால் அதையே தெலுங்கில் "ஏமி காவாலி?" என்றும் கேட்கக் கூடாது. கேட்டால், சும்மா பார்க்க வந்தேன் என்று நழுவிவிடுவார்கள். இரண்டு துணியை விரித்துப் போட்டு, "அரக்கா, மாம்பழ மஞ்சளா?" என்று கேட்க வேண்டும். அரக்கு என்பார்கள், அல்லது மஞ்சள் என்பார்கள். ஒன்றும் வேண்டாம் என்ற மூன்றாவது பதிலுக்கு அந்த மேஜையில் இடமே கிடையாது. இந்த வித்தையைக் கண்டுபிடித்தது தான்தான் என்பாள். முதலாளி சொல்லிக் கொடுத்தது என்று கடையில் மற்றவர்கள் சொல்வார்கள்.

இவ்வளவு சாமர்த்தியமும் கடையோடு சரி. பஸ் ஏறிவிட்டால் அவள் வேறு ஆள். ஸ்ரீவில்லிபுத்தூர் வருவதற்குள் மத்திய அரசைக் கவிழ்த்துவிடுவாள். மாநில அரசுக்கு மட்டும் இரண்டு ஸ்டாப் கூடுதலாக அவகாசம் கொடுப்பாள். தேர்தல் தவறாமல் ஓட்டுப் போடுவாள். விரலில் மை காயும் முன்பே திட்ட ஆரம்பித்தால் அடுத்த மை வரும்வரை ஓயமாட்டாள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வருகிற ஏசம்மாள், ராஜபாளையத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்ப்பவள், அதே ஊர்க்காரி, ஒருநாள் கேட்டாள்.

"ஏட்டி வல்லி, இம்புட்டும் கண்டக்டர்ட்ட சொல்லி என்னத்துக்கு? அந்தாளு டிக்கெட்டுதான குடுப்பான்?"

ஆனந்தவல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தக் கேள்விக்கு அவளிடம் இரண்டு துணி இல்லை.

அந்தச் சமயத்தில்தான் சங்கடம் வீட்டுக்குள் வந்தது. மகள் மாரீஸ்வரிக்கு ராஜபாளையத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை கிடைத்திருந்தது. படித்த படிப்புக்கேற்ற வேலை. பிள்ளை சந்தோஷமாகப் போய்வந்தாள். ஆனால் அவள் பஸ்ஸை விட்டு இறங்கும்போது நன்றாக இருட்டிவிடும். மெயின் ரோட்டிலிருந்து நொச்சியூரணிக்குள் போகிற ஒரு மைல் பாதையில் கோடைக்காற்றுக்கு அணைந்த தெருவிளக்குகள் அணைந்தபடியே கிடந்தன. ஆனந்தவல்லி வர இன்னும் ஒரு பஸ் பிந்தும். ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து வந்த அவள் புருஷன் ஐயாதுரை, டார்ச்சும் கம்புமாக ஸ்டாப்பில் நின்று மகளைக் கூட்டிவந்தார். முழங்காலில் ஆபரேஷன் ஆன பிறகு அதுவும் முடியவில்லை, பிள்ளை தனியாக நடந்துவந்தாள். ஏசம்மாள் வேறு அந்த இருட்டில், பாதையில் இருக்கிற பாலத்துக்குப் பக்கத்தில் விழுந்து கையை ஒடித்துக்கொண்டாள்.

ஐயாதுரை உத்தரவு போட்டார். "தீபாவளிக்குள்ள லைட் எரியணும். எரியலன்னா பிள்ளை வேலைய எழுதிக் குடுத்துட்டு வந்துரட்டும்."

"எல்லையில காவல் நின்ன ஆளு, ஒரு மைல் இருட்டுக்கு இப்படிப் பயந்தா எப்படிங்க?"

"எல்லையில லைட் இருந்துச்சுட்டி." அவர் சிரிக்கவில்லை. "பஸ்ஸில கவர்மெண்டக் கிழிகிழின்னு கிழிக்கியாம்ல. ஆகஸ்ட் பதினஞ்சு கிராம சபை. அங்க போயிக் கிழி."

மாரீஸ்வரி மறுநாளைக்கான வெள்ளைக் கோட்டை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்த ஆனந்தவல்லி சரியென்று தலையாட்டினாள்.

கிராம சபை என்று ஒன்று நடப்பது அவளுக்குத் தெரியும். வருசத்தில் அதற்கென்றே சில நாட்கள் உண்டு என்பதும், ஊரில் ஓட்டு உள்ள யாரும் போய் வரவுசெலவு கேட்கலாம் என்பதும் தெரியும். கடைக்கு லீவான அந்த நாட்களில் அவள் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுத் தூங்குவதுதான் வழக்கம். ஊராட்சித் தலைவர் யார் என்று கேட்டால் சுவரொட்டியில் மீசையோடு இருக்கிறவர் என்பாள்.

சுதந்திர தினத்தன்று, கடையில் தள்ளுபடியில் எடுத்திருந்த பட்டு மாதிரியான சேலையைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். மெயின் ரோட்டு வேப்பமரத்தடியில் பந்தல், கொடி, நாற்காலி, மீசைக்காரப் படத்தோடு பேனர். பஸ்ஸில் பார்த்த முகங்கள் நாலைந்து இருந்தன. நேராக முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள். கேட்க ஆள் உண்டா என்றதும் எழுந்தாள்.

அன்று அவள் பேசிய பேச்சுக்கு ஆயிரம் பேர் கைதட்டினார்கள் என்று பின்னாளில் சொல்லுவாள். ஐம்பது பேர் இருக்கலாம். அதில் பாதிப்பேர் சுண்டலுக்கு வந்தவர்கள். ஆனால் கைதட்டினார்கள். இருட்டில் பெண்பிள்ளைகள் நடக்கிற கொடுமையைச் சொன்னாள். வேலைக்குப் போகிற பிள்ளையின் படிப்பு ஒரு பல்புக்காக வீணாவதா என்றாள். அதுவரை வாயே திறக்காமல் ஓரத்து நாற்காலியில் இருந்த ஒரு பெண் நிமிர்ந்து உட்கார்ந்தாள். செல்வலட்சுமி என்று பெயர், அவள்தான் தலைவர். ஆனந்தவல்லிக்குப் பேச்சு முடியப்போகிற நேரத்தில் கடைப்பழக்கம் நாக்கில் வந்துவிட்டது.

"இந்த வாரமா, அடுத்த வாரமாம்மா?"

"அடுத்த வாரம்க்கா," என்றாள் செல்வலட்சுமி. தீர்மானமாக எழுதப்பட்டது. கையெழுத்து வாங்க வந்த ஊராட்சிச் செயலர் பெயரைக் கேட்டார், தெருவைக் கேட்டார்.

"வடக்குத் தெரு."

"நம்ம ஊர்ல வடக்குத் தெருவே கிடையாதேம்மா. எந்த ஊரு நீங்க?"

"நொச்சியூரணி."

பந்தல் கொல்லென்று சிரித்தது. மெயின் ரோட்டுக்குத் தெற்கே இருக்கிற வாகையூரணி ஊராட்சியின் கூட்டம் அது. வேப்பமர நிழலுக்காகப் பந்தலை வடக்குப் பக்கம் போட்டிருந்தார்கள். நொச்சியூரணிக் கூட்டம் அதே நேரத்தில் ஊருக்கு அந்தக் கடைசியில், பள்ளிக்கூடத்தில் நடந்து, பத்துப் பேர் கையெழுத்துப் போட்டு, முடிந்தும் விட்டிருந்தது. அந்தப் பேனரில் இருந்த மீசையும் வேறு மீசை. எல்லா ஊர் பேனரிலும் தலைவியின் புருஷன்தான் பெரிதாக இருப்பார் என்பதால் வித்தியாசம் தெரியவில்லை.

"இருட்டு எல்லா ஊருக்கும் ஒண்ணுதானய்யா," என்று சொல்லிவிட்டுத்தான் அங்கிருந்து நகர்ந்ததாக அவள் சொல்வாள். சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு வேகுவேகென்று ரோட்டைக் கடந்ததைத்தான் பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

கொடுமை அதோடு நிற்கவில்லை. செல்வலட்சுமி சொன்ன சொல் தவறவில்லை. ஸ்டாப்பில் இறங்கினால் தெற்கே, அதுவரை இருண்டு கிடந்த வாகையூரணிப் பாதை கல்யாண வீடு மாதிரி ஜொலித்தது. வடக்கே நொச்சியூரணிப் பாதை கசமாய் இருண்டு கிடந்தது. வாகையூரணிப் பெண்கள் வெளிச்சத்தில் நின்று, "அக்கா, உங்க புண்ணியத்துல நல்லாருக்கோம்!" என்று கையாட்டுவார்கள். ஆனந்தவல்லி ஒரு மகாராணியைப் போலத் தலையசைத்துவிட்டுத் திரும்பிக் குழியில் கால் வைப்பாள்.

"அடுத்து எந்த ஊருக்கு லைட் போடப் போற? கூமாப்பட்டிக்காரவுகளும் கேக்காகளாம்," என்பாள் ஏசம்மாள், கட்டுப்போட்ட கையைத் தூக்கிப் பிடித்தபடி.

"சிரி அக்கா, சிரி. நீயும்தான ஒரு கூட்டத்துக்கும் போனதில்ல? கையொடிஞ்சது ஒனக்கு. கேக்கப் போனது நானு."

ஏசம்மாள் சிரிப்பை நிறுத்தினாள். "அக்டோபர் ரெண்டு நானும் வாரேன்," என்றாள்.

புரட்டாசி பாதி போய்விட்டது. தீபாவளிக்குப் பிறகு வேலைக்கு வர முடியாது என்று சொல்ல வேண்டி வருமா என மாரீஸ்வரி கேட்டாள். "செத்த பொறு," என்றாள் தாய்.

காந்தி ஜெயந்தியன்று பள்ளிக்கூட வாசலில் நின்ற மூன்று பேரிடம் ஆனந்தவல்லி, "இது நொச்சியூரணிக் கூட்டந்தான?" என்று கேட்டாள். மூன்றாமவர், "ஏம்மா, நீ வெளியூரா?" என்றார். ஏசம்மாள் ஆஸ்பத்திரிக்கும் மில்லுக்கும் போகிற பெண்கள் இருபது பேரைத் திரட்டி வந்திருந்தாள். வந்தவர்கள் வழக்கப்படி முதலில் கையெழுத்துப் போடப் போனார்கள். போட்டுவிட்டால் சுண்டலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம்.

"இருங்கட்டி. எழுதுனத வாசிக்கட்டும், பொறவு போடுவோம்," என்று ஏசம்மாள் அவர்களை உட்கார வைத்தாள்.

மேஜைக்குப் பின்னால் அந்தச் சுவரொட்டி மீசையோடு தலைவியின் புருஷன் பாண்டிதுரை இருந்தார். பக்கத்தில் தலைவர். அவளைப் பார்த்ததும் ஆனந்தவல்லிக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெள்ளத்தாய்! மாதம் தவறாமல் கடைக்கு வந்து ஜாக்கெட் துணி எடுக்கிறவள். அரக்கு என்றால் உயிர். இத்தனை வருசமாக அளவு கேட்டிருக்கிறாள், மகள் கல்யாணம் விசாரித்திருக்கிறாள். நீதான் எங்கள் தலைவரா என்று மட்டும் கேட்டதில்லை.

பஸ்ஸில் வைத்து ஒரு வாரமாக ஒத்திகை பார்த்த பேச்சு இருந்தது. "பெரியோர்களே, தாய்மார்களே," என்று ஆரம்பித்தாள். அத்தோடு போச்சு. இரண்டு அரசுகளைத் தினமும் கவிழ்க்கிற வாய், சொந்த ஊர்க்காரர்கள் முன்னால் உப்பு விழுந்த பால் மாதிரி திரிந்துவிட்டது. யாரோ இருமினார்கள். சாக்கு கிடைத்ததென்று பாண்டிதுரை முந்திக்கொண்டார்.

"லைட்டு விஷயந்தான தாயி? மேல எழுதிப் போட்டிருக்கு. வரும், பாப்போம்."

பாப்போம்! சும்மா பார்க்க வந்தேன் என்று கடையில் நழுவுகிறவர்களின் அதே குரல். அந்த ஒரு சொல்லில் ஆனந்தவல்லிக்குக் கை கால் எல்லாம் இடத்துக்கு வந்துவிட்டன. பேச்சை விட்டாள். பாண்டிதுரையையும் விட்டாள். வெள்ளத்தாயைப் பார்த்துத் திரும்பினாள்.

"தலைவரம்மா, லைட்டு இருபதாந் தேதி எரியுமா, இருபத்தஞ்சாந் தேதியா?"

"அதான் சொல்லுதேன்ல..." என்றார் பாண்டிதுரை.

"அண்ணாச்சி, இவிய ஜாக்கெட் துணி எடுக்க வரும்போது நீங்க கடைக்கு வெளியதான நிப்பிய? இங்கயும் செத்த அப்படி நில்லுங்களேன்."

பெண்கள் பக்கம் எழுந்த சிரிப்பு ஆண்கள் பக்கமும் தொற்றியது. பாண்டிதுரை மீசையைத் தடவினார். தடவிய கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. வெள்ளத்தாய் சிரிக்கவில்லை. புருஷனைப் பார்த்தாள், எதிரே இருந்த பெண்களைப் பார்த்தாள், ஏசம்மாளின் கைக்கட்டைப் பார்த்தாள்.

"மெயின் ரோட்டுப் பாதைதான?"

"ஆமா. எம்மக வேலைக்குப் போயி வார பாதை. தீபாவளிக்குள்ள வெளிச்சம் வரலன்னா அவ வேலைய விடணும்."

அந்தக் கடைசி வரி ஒத்திகையில் இல்லை. குரலும் அந்த இடத்தில் கொஞ்சம் உடைந்தது. அது நடிப்பு என்று பிற்பாடு சொல்லிக்கொண்டாள், யாரும் நம்பவில்லை.

"இருபதாந் தேதி," என்றாள் வெள்ளத்தாய். செயலர் பக்கம் திரும்பி, "தேதியோட எழுதுங்க," என்றாள். அவள் தலைவராகி அந்த மேஜையில் முதன்முதலாகச் சொன்ன உத்தரவு அதுதான் என்று செயலரே சொன்னார். அவர் எழுதியதை உரக்க வாசித்த பிறகுதான் பெண்கள் கையெழுத்துப் போட்டார்கள். சுண்டல் ஆறிப்போயிருந்தது.

இருபதாம் தேதி விளக்கு எரியவில்லை. மறுநாள் காலை ஊராட்சி அலுவலகத் திண்ணையில் வேலைக்குப் போகிற பெண்கள் டிபன் பையோடு உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்குக் கால்மணி நேரம் உட்கார்ந்து, விளக்கு எங்கே என்று கேட்டுவிட்டு, பஸ்ஸுக்கு நடந்துவிடுவார்கள். அடுத்த பஸ்ஸுக்கு வேறு பெண்கள் வந்து உட்காருவார்கள். இப்படி இரண்டு நாள். வெள்ளத்தாயும் விடவில்லை. யூனியன் ஆபீசுக்கு அவளே போனாள். பாண்டிதுரை வண்டி மட்டும் ஓட்டினார். மூன்றாம் நாள் ஏணியோடு லைன்மேன் வந்தார்.

அன்று ஆனந்தவல்லி ஒரு பஸ் முன்னதாகவே கிளம்பி மகளோடு இறங்கினாள். ஏசம்மாளும் இறங்கினாள். கம்பை ஊன்றி மெல்ல நடந்து வந்த ஐயாதுரை, கையில் டார்ச் இல்லாமல் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தார். வெளிச்சம் விழுந்த பாதையை ஒரு ராணுவக்காரனின் கண்ணோடு மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சரி, போயிட்டு வரட்டும்," என்றார். மாரீஸ்வரி முன்னால் நடந்தாள். அந்தப் பாதையில் அவள் அவ்வளவு மெதுவாக நடந்து யாரும் பார்த்ததில்லை.

ஒரு வாரம் கழித்தும் ஆனந்தவல்லியின் கால் தரையில் பாவவில்லை. பஸ்ஸுக்குள் நின்றபடியே கண்டக்டர், டிரைவர், பின் சீட்டுக் காலேஜ் பிள்ளைகள் எல்லோருக்கும் கேட்கும்படி முழங்கினாள்.

"நான் ஒரு வார்த்தைதான் கேட்டேன். இன்னைக்கு நொச்சியூரணிப் பாதையில பதினோரு கம்பத்துலயும் பகல் மாதிரி எரியுது!"

ஏசம்மாள் ஜன்னலை விட்டுத் திரும்பாமல் சொன்னாள். "பத்து. பாலத்துகிட்ட இருக்கது நேத்தே போயிருச்சு. நவம்பர் ஒண்ணாந் தேதி அடுத்த கூட்டம், கடையில லீவு சொல்லிட்டியா?"