அப்பா எந்த ஆமியிலும் இருக்கவில்லை

இரண்டாம் உலகப் போரில் அப்பா எகிப்தில் பிரிட்டிஷ் ஆமிக்கு லொறி ஓட்டினார். எங்கள் வீட்டில் அது பெருமை இல்லை, தொல்லை. யாழ்ப்பாணத்தில் இலங்கை ஆமி வீடு வீடாகச் சோதனை போடத் தொடங்கியதும், அம்மா அவருடைய காக்கி உடுப்புப் படத்தைக் கத்தரித்துத் தலையை மட்டும் வைத்துக்கொண்டா. யாருடைய சீருடை என்று கேட்டுவிட்டா அடிப்பார்கள்?

எண்பதுகளின் கடைசியில் லண்டன் ஹவுன்ஸ்லோவுக்கு வந்து அகதி விண்ணப்பம் போட்டோம். வக்கீலின் அறையில் மொழிபெயர்ப்பாளர் கேட்டார்: "குடும்பத்தில ஆராவது ஆமியில, இயக்கத்தில இருந்தவையோ?"

அப்பா வாயைத் திறந்தார். நான் மேசைக்குக் கீழே அவர் காலை மிதித்தேன்.

"ஒருத்தரும் இல்லை," என்றேன். எழுதிக்கொண்டார்கள்.

பஸ் நிறுத்தத்தில் அப்பா கத்தினார். "நான் இவங்களின்ர ஆமியிலதானேடா இருந்தனான். அதைச் சொன்னால் என்ன பிழை?"

"ஆமி எண்டாலே பிழை."

"போய்த் திருத்து."

"இப்ப மாத்தினால் பொய்யர் எண்டு எல்லாரையும் திருப்பி அனுப்புவாங்கள். லொறி ஓடினதுக்கு ராணி வந்து உங்களுக்கு மாலை போடுவாவோ?"

அம்மா சிரித்தா. அப்பா சிரிக்கவில்லை.

அதன் பிறகு நான் விமானம் கழுவும் வேலை முடிந்து வரும்போதெல்லாம் கதவடியில் நின்று கேட்பார்: "வக்கீலுக்குக் கடிதம் எழுதினியோ?" எழுதுகிறேன் என்று பொய் சொன்னேன். எனக்கும் நிம்மதி இல்லை. விண்ணப்பத்துக்குப் பதில் வரவில்லை. தபால் விழும் சத்தம் கேட்டாலே வாசலுக்கு ஓடுவேன். இதற்குள் இந்த மனுசனின் எகிப்து!

நவம்பரில் ஒருநாள் கடைக்குப் போனோம். கடைவாசலில் பதக்கங்கள் குத்திய வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர், போரில் செத்தவர்களின் நினைவுக்குச் சிவப்புக் கடதாசிப் பூ கொடுத்துக்கொண்டு நின்றார். அப்பாவின் கோட்டிலும் ஒன்றைக் குத்திவிட்டு, "நீங்களும் போரில் இருந்தீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். சொல்லுங்கோ என்று நான் சொல்லியிருக்கலாம். கடைவாசலில் யார் எழுதிக்கொள்ளப் போகிறார்கள்? நான் காய்கறிப் பையைக் கைமாற்றிக்கொண்டு ரோட்டைப் பார்த்தேன்.

அப்பா குதிகால்களைச் சேர்த்து விறைப்பாக நின்றார்.

"நோ, சேர்."

கிழவர் அப்பாவின் கால்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.